மூச்சு விடாத முதலாளி

மூச்சை அளக்கும் சட்டைகள் தைக்கும் அந்த நிறுவனத்துக்குப் பத்து வயது நிறைந்ததும், முதலாளிக்கு வரலாற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. முதன்முதலில் செய்த சட்டையைத் தானே போட்டுக்கொண்டு மேடையேறுவாராம். பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம்.

முதல் நாளிலிருந்து அங்கே தைத்துவரும் தையல்காரம்மாவுக்கு அந்தச் சட்டையை நன்றாகத் தெரியும். அது அவள் வீட்டுக்காரரின் சட்டை. சலவைக் கடைக்குப் பின்னால், சோப்பு வாசனை அடிக்கும் ஒற்றை அறையில் இருந்த காலம் அது. சோதனைத் துணியெல்லாம் வெட்டிக் கெடுத்தாகிவிட்ட ஒரு மத்தியானம், சாப்பாடு கொண்டுவந்த மனுஷன் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்தது. வெள்ளி பூசிய நூலை மார்புக்குக் குறுக்கே வளைத்து வளைத்துத் தைத்தவள் அவள். நெஞ்சு விரிந்தால் நூல் இழுபடும், திரையில் கோடு ஏறும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சொன்னபடி மூச்சு விடுவார். சிரித்துவிட்டால் கோடு குட்டிக்கரணம் போடும். முதலாளிக்கு அப்போது முதலாளி என்ற பெயரே கிடையாது. தரையில் உட்கார்ந்து நூற்கண்டு பிடிப்பார், கூடச் சிரிப்பார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

சட்டையைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். அது நிறுவனத்தின் பாரம்பரியச் சொத்து என்று பதில் வந்தது. பாரம்பரியம் முதலாளியின் உடம்புக்குப் பத்தவில்லை. பக்கத் தையலைப் பிரித்துவிடட்டுமா என்றதற்கு, வரலாற்றில் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார்.

"அப்ப மூச்ச மட்டும் அடக்காதீங்க சார். துணி ஏற்கெனவே விறைச்சு நிக்குது."

"எனக்கே மூச்சு விடச் சொல்லித் தர்றீங்களாம்மா?"

மேடையில் அவருக்குப் பின்னால் பெரிய திரை. அதில் கோடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியதும், முதலாளி வழக்கம்போல மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். கோடு படுத்துவிட்டது. 'அணிந்திருப்பவர் மூச்சு விடவில்லை' என்று சிவப்பெழுத்து. கூடவே அபாய மணி. தங்கள் சரக்கின் மேல் அபார நம்பிக்கை கொண்ட ஊழியர்கள் நான்கு பேர் ஓடிவந்து அவரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தான் நன்றாகத்தான் இருப்பதாக அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சட்டை பொய் சொல்லாது என்று பத்து வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர்தானே.

ஒருவழியாக எழுந்து, உள்ளறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி அவள் மேசையில் எறிந்தார்.

"இந்தக் கந்தல இனிமே என் கண்ணுல காட்டக் கூடாது. எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க."

"சரிங்க சார்" என்றாள், முகத்தைக் கஷ்டப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டு.

வீட்டில் விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். இரண்டாவது பொத்தான் தெறித்துப் போயிருந்தது. டப்பாவைக் கவிழ்த்து, அதே நிறத்தில் ஒன்று தேடத் தொடங்கினாள்.