ஆசீர்வாதத்தின் சிரித்த படம்

எளாவூரைத் தாண்டி ஒரு பொட்டலில் 1972-ல் கௌபாய் படம் எடுத்தார்கள். பிளைவுட்டில் ஒரு பேங்க், ஒரு சாராயக்கடை, நடுவில் தூக்குமரம். நான் ஸ்டில் போட்டோகிராபர். அன்றைக்குத் தூக்கில் தொங்க வேண்டியவன் ஆசீர்வாதம்.

பெயர் உங்களுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பதினோரு படத்தில் செத்தவன். ஷூட்டிங் இல்லாத நாளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. செத்த மாதிரி நடித்தவனை உடனே சிரிக்க வைத்து ஒரு ஸ்டில் எடுக்க வேண்டும், அதுவரை அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் யூனிட்டில் வழக்கம். எனக்கு இந்தச் சடங்கெல்லாம் அறவே பிடிக்காது.

சட்டைக்குள் பெல்ட் மாட்டித் தொங்கவிட்டார்கள். கண்ணை மூடி, நாக்கைத் தள்ளி, தத்ரூபமாகச் செத்தான். எடுத்தேன். இறக்கிவிட்டதும் நேராக என்னிடம் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கேமராவில் பிலிம் ரோல் முடிந்திருந்தது. கையிலிருந்த ஒரே புது ரோலைக் கதாநாயகனின் குதிரைக்காக வைத்திருந்தேன். இவனுக்காகவா அதைப் பிரிப்பது? காலி கேமராவை ‘டிக்’கென்று தட்டினேன்.

“ஆச்சாண்ணே?”

“ஆச்சு, போய் டீ குடி.”

இரண்டு மாதம் கழித்து மணவாள நகரில் என் ஸ்டூடியோவுக்கு வந்தான். பழைய சிரித்த படங்கள் பதினொன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“பன்னெண்டாவது போட்டோ குடுண்ணே. ஒரே பேஜாரா கீது. ஒருத்தனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டேன்றான். டீக்கடையில நின்னா என்னைத் தாண்டி அடுத்த ஆளைக் கேக்குறான். ஊட்ல பொஞ்சாதி விக்டோரியா தூங்கறதே இல்ல. எழுந்து எழுந்து என் மூக்காண்ட கைய வச்சிப் பாத்துக்கினே கீறா.”

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. “அது சரியா வரல. இப்பவே எடுத்துடலாம் வா” என்று வாசலில், நல்ல வெயிலில் நிறுத்தினேன். மனசாரச் சிரித்தான். பாவம், இருக்கட்டும் என்று ஒரு ரோல் முழுவதும், பன்னிரண்டு தடவை எடுத்தேன்.

அவனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இருட்டறைக்குள் போய்க் கழுவிப் பிரிண்ட் போட்டேன். பன்னிரண்டிலும் கண் மூடியிருந்தது. வாய் கோணி, நாக்கு தள்ளியிருந்தது.

பிறகு தூக்குமரத்து நெகட்டிவைத் தேடி எடுத்தேன். தயாரிப்பாளருக்கு நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது அதில் கண் மூடித்தான் இருந்தது. இப்போது மருந்துத் தட்டில் முகம் மெல்ல எழுந்து வந்தது. கயிற்றில் தொங்கியபடி, கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. “வந்துச்சாண்ணே?”

படம் காய்ந்ததும் கத்தரிக்கோலால் மரத்தையும் கயிற்றையும் வெட்டி எறிந்தேன். முகத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “விக்டோரியா இன்னிக்கித் தூங்குவா” என்றான். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான்.

“கழுத்தாண்ட இன்னாண்ணே, கோடு மாதிரி?”

“நிழல்.”

தலையாட்டினான். படத்தைக் கவரில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று தலை சீவினான். சீப்பு பாதியில் நின்றது. காலரை விலக்கி, மோவாயைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“இதுவும் நிழலாண்ணே?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஆமாம்” என்றேன்.