அழகி கொடுத்த அனுமதி

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. மே மாதம் வந்தால் வீடு வீடாகப் போய், "நம்ம பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்க" என்று கெஞ்சுவேன். என் மகள் வைஷ்ணவியை மட்டும் தனியார் பள்ளி வேனில் ஏற்றி விடுவேன். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கோபப்படும் யோக்கியதையும் இல்லை.

அவள் இரண்டாம் வகுப்பு. இவளைப் போல அமைதியான பிள்ளை வகுப்பிலேயே இல்லை என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். நான் பூரித்துப் போவேன். அடுத்த ஆண்டும் அங்கேயே தொடர்வதற்கான படிவத்தை மறுநாள் கொடுக்க வேண்டும். என் கணவர் சிவபிரகாஷ் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அன்று அவள் பள்ளிக்கு விடுமுறை. என்னோடு கூட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, பதினேழு பிள்ளைகள். பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு விட்டார். திரும்பி வரும்போது வகுப்பிலிருந்து சத்தம். போச்சு, பெற்ற மகள் முன்னாலேயே மானம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

சத்தம்தான். ஆனால் என்ன சத்தம் அது! மூன்றாம் வகுப்புப் பையன் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி அவனை நிறுத்தி, "நரி எதுக்குப் பொய் சொல்லுச்சு?" என்று மடக்கினாள். சாக்பீஸுக்கு அடித்துக்கொண்ட இருவர் அதை உடைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வகுப்பு தன்பாட்டுக்கு நடந்தது. ஏழு வருஷமாக என் வகுப்பு இதுதான். நான் இல்லாதபோது அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.

வைஷ்ணவி மட்டும் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு அழகி, வாய் ஓயாத பிள்ளை, அவளிடம் போனாள்.

"ஒண்ணுக்கு வருதா?"

வைஷ்ணவி தலையாட்டினாள்.

"அங்கிட்டுத்தான் இருக்கு, போயிட்டு வா."

"மிஸ் இல்லையே. யார்கிட்ட கேக்குறது?"

அழகிக்கு இது விளங்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சரி, நான்தான் மிஸ்ஸு. இப்பக் கேளு."

வைஷ்ணவி எழுந்து நின்று கேட்டாள். "போயிட்டு வாம்மா" என்ற அழகி, இறங்கி வந்து கையைப் பிடித்துத் தானே அழைத்துப் போனாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

ஒழுக்கம் ஒழுக்கம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது இதைத்தானா?

மதியம், ஒன்றாம் வகுப்பு நிலவழகன், பையின் ஜிப் சிக்கிக்கொண்டதால் அழ ஆரம்பித்தான். நான் வேண்டுமென்றே அசையவில்லை. வைஷ்ணவியின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. எழுந்து, அறையைக் கடந்து போய், அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அழுவாத. இங்கிட்டுப் பிடி, நான் இழுக்குறேன்."

கர்ப்பக்கிரகத்தில் திரை விலகியது போல நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளி விட்டதும் கணவருக்குப் போன் போட்டேன். "என்னங்க, பிள்ளைக்கு டிசி வாங்கிருங்க. இனிமே என்கூடவே வரட்டும்."

"ஒரே நாள்ல அங்க அப்பிடி என்னத்தக் கத்துக்கிட்டா?"

"யாரையும் கேக்காம எந்திரிச்சு நடந்தா" என்றேன்.