மாந்தோப்பில் ஒரு விசாரணை

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதில் ராஜகோபாலனுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதிலும் இல்லை.

நாற்பத்திரண்டு ஆகஸ்ட். மாணவர்கள் கொடியோடு ஆற்றங்கரை அம்மா மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே போலீஸ் அங்கே தடியோடு நின்றது. பையன்கள் சிதறி ஓடினார்கள். அதில் தடியடி பட்ட மாணவன் சேஷுவுக்குக் கையில் இன்னும் கட்டு. ஊர்வலச் சேதி தெரிந்தது மாணவர் சங்கத்துக்கு மட்டும்தான். பையன்களைப் பொறுப்புள்ள பிரஜைகளாக, நாளைய தலைவர்களாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் சரித்திர வாத்தியார் ராஜகோபாலன். கூட்டம் சனிக்கிழமை சாயங்காலங்களில், கொள்ளிடக் கரை மாந்தோப்பில். ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

ஊர்வலத்துக்கு முந்தைய நாள், சங்கத் தலைவன் தர்மராஜ் போலீஸ் ஸ்டேஷன் படியிறங்கி வந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். லால்குடிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன். அதன்பிறகு அவன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது. சந்தேகம் பிடித்த மனுஷனுக்கு வேறு வேலை ஓடுமா?

அந்தச் சனிக்கிழமை தோப்பில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும், எடுத்த எடுப்பிலேயே, "தர்மராஜைச் சங்கத்தை விட்டு நீக்கணும்," என்றார்.

கூட்டத்தை நடத்திய வரது எழுந்தான். கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் பரிசாரகர் பிள்ளை. "குத்தம் சொல்றவா நடுவுல வந்து நிக்கணும் சார். நீங்க போட்ட விதிதான்."

அவருக்குச் சுருக்கென்றது. வேஷ்டியைத் தட்டிக்கொண்டு நடுவில் போய் நின்று, பார்த்ததைச் சொன்னார்.

"போனது நிஜம்தான் சார்," என்றான் தர்மராஜ். "நாளைக்கு ஊர்வலம் வர்றோம்னு ஏட்டுக்கிட்ட நான்தான் சொன்னேன்."

"பாத்தேளாடா! அவனே ஒத்துண்டுட்டான்!"

"தப்பான சட்டத்தை மீறறவன் முன்கூட்டியே சொல்லிட்டு மீறணும், ஒளிஞ்சு செய்யறது திருட்டுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எல்லாருக்காகவும் போய்ச் சொல்ல வேண்டியவன் தலைவன்னும் சொன்னீங்க. அதான் போனேன். சேஷு, உங்களையெல்லாம் கேக்காமப் போனது தப்புதான்டா."

"கேட்டிருந்தா நானும் வந்திருப்பேன், போடா," என்றான் சேஷு.

அப்படிச் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு எவனாவது நிஜமாகவே ஸ்டேஷனுக்குப் போய் நிற்பான் என்று ராஜகோபாலன் நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை நாளாக உள்ளே அடக்கி வைத்திருந்த கேள்வி அவரை அறியாமல் வெளியே வந்துவிட்டது.

"என் பேரைச் சொன்னியா?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"யாருடா சொல்லிக்குடுத்ததுன்னு ஏட்டு ரெண்டு அறை விட்டுக் கேட்டாரு சார். யாரும் இல்லைன்னுட்டேன். என் பேரை மட்டும் எழுதிக்கிட்டாரு."

ராஜகோபாலனை வெட்கம் பிடுங்கித் தின்றது. தர்மராஜை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான் வரது. ஒரு கையும் எழவில்லை.

"அடுத்த விஷயம். ஸ்டேஷன்லேர்ந்து தர்மராஜ் பேர் ஸ்கூலுக்கு வந்துடுத்து. திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டிருக்கார். ஸ்கூலை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார். இவனோட யார் யார் போறது?"

எல்லாக் கைகளும் எழுந்தன. சேஷு கட்டுப் போட்ட கையைத் தூக்கினான். நடுவில் நின்ற ராஜகோபாலனின் கையும் பாதி எழுந்தது.

"நீங்க வேணாம் சார்," என்றான் தர்மராஜ். "உங்களுக்கு வேலை போயிடும்."

அவர் கையைக் கீழே போட்டார்.