எழுநூற்று எண்பது கிராம்

நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் முப்பத்தொரு வருடம் லாரிகளை நிறுத்தி எடைபோட்டவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் எடைமேடைக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் குறையாக நினைத்ததில்லை. அவர் கையெழுத்துப் போட்ட சீட்டில் ஒரு கிலோ கூடக் குறைத்து எழுதியதில்லை என்று லாரிக்காரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் அவர் வாசற்படி தாண்ட மாட்டார். குப்பை கொட்டப் போனாலும் ஷூவுக்கு லேஸ் கட்டியிருக்கும்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன், முப்பத்து மூன்று வயதில், இருந்த வேலையையும் விட்டுவிட்டு நாற்பது நாள் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்று கிளம்பினான். பின்னால் வண்டி கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. கூடாரம், அடுப்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். யோசனை சொன்னவன் தெருமுனை சைக்கிள் மெக்கானிக். மகனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

ஒரு வாரம் கூடத்துத் தரை முழுவதும் சாமான்தான். சமையலறைத் தராசை மகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். சோப்பைப் பாதியாக வெட்டினான். டூத் பிரஷ்ஷின் காம்பை நறுக்கினான். துண்டின் ஓரத்தில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைக் கூடப் பிரித்தெடுத்தான். மாவு அளக்கிற தராசில் பிள்ளை சோப்பை அளக்கிறானே என்று அம்மா முனகினாள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கிராம் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டினான். மொத்தம் பதினொரு கிலோ நானூறு. அந்தச் சீட்டை எடைமேடைக்காரர் யாரும் பார்க்காதபோது கூட்டிப் பார்த்தார். தப்பில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சீட்டில் ஒரு முழுச்சட்டை இல்லை, ஒரு பேன்ட் இல்லை.

"ஆறாம் நாள் உன் அத்தை ஊர் வழியாத்தானே போற?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. ஒரு ராத்திரி தங்குவேன்."

"அந்த வீட்டு வாசல்ல இந்த அரைக்கால் சட்டையோட போய் நிப்பியா?"

"அத்தை என்னைப் பார்ப்பாங்களா, கால்சட்டையைப் பார்ப்பாங்களா?"

"அத்தை உன்னைப் பார்ப்பா. மாமா கால்சட்டையைத்தான் பார்ப்பார்."

மகன் சிரித்துவிட்டான். "நான் மலையில ஏத்தம் மிதிக்கும்போது மாமா வந்து பின்னாடி தள்ளிவிடுவாரா?" என்றான். அம்மாவும் சிரித்தாள். எடைமேடைக்காரர் சிரிக்கவில்லை. வேலையை விட்ட பிள்ளை, கல்யாணம் ஆகாத பிள்ளை என்று அந்த மனிதர் நாலு பேர் நடுவில் இழுத்துப் பேசியது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அந்த வீட்டுப் படியைத் தன் மகன் மரியாதையாக ஏற வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் மகன் கடைக்குப் போயிருந்தான். எடைமேடைக்காரர் தன்னுடைய நல்ல சட்டையை, ஓய்வு பெற்ற அன்று போட்ட நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையை, மனைவியிடம் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கினார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பிறகு கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மகனின் பையைத் திறந்தார். கூடுதலாக எதை வைத்தாலும் காலையில் மெக்கானிக் கடைத் தராசில் பைகளை எடை பார்க்கும்போது தெரிந்துபோகும். அதே எடைக்கு ஒன்றை எடுத்தாக வேண்டும். அடியில் கறுப்பு உறைக்குள் இறுகக் கட்டிய உருண்டை ஒன்று இருந்தது. அமுக்கினால் பஞ்சாக அமுங்கியது. தலையணை. டூத் பிரஷ்ஷையே நறுக்குகிறவனுக்குத் தலையணை எதற்கு? எடை போட்டார். எழுநூற்று எண்பது. சுவர்ச் சீட்டில் அந்த எடைக்கு நேரே 'எஸ்.பி.' என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. சட்டையும் பேன்ட்டும் அறுநூற்று ஐம்பது வந்தன. பெல்ட்டை வைத்தார், சீப்பை வைத்தார், கைக்குட்டையை மடித்து வைத்தார். முள் எழுநூற்று எண்பதில் நின்றது. அவற்றைப் பைக்குள் வைத்து, உருண்டையைத் தன் அலமாரிக்குள் தள்ளினார். வேலையில் இருந்த நாட்களில் கூட இவ்வளவு துல்லியமாக அவர் எடை பார்த்ததில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் தன் கடையில் தொங்கிய கொக்கித் தராசில் பைகளை மாட்டினான். பதினொரு கிலோ நானூறு. மகன் அப்பா பக்கம் திரும்பி, "எடைமேடைக்காரர் மகன்னா சும்மாவா?" என்றான். பையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை.

முதல் ராத்திரி ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கினான். இரண்டாம் நாள் மலை ஏறினான். மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

மலை உச்சியில் சாயங்காலம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டதாம். சாலை போடுகிறவர்கள் காலையில் கூடாரத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இருந்த துணி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே நீலக்கோட்டுச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை. பேன்ட். பெல்ட். ஆஸ்பத்திரியில் உடலை அடையாளம் காட்டிய பிறகு, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்ததை எடைமேடைக்காரர் பார்த்தார். பக்கத்தில் மனைவியும் பார்த்தாள். அந்தக் குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் யாராவது வருவார்களா என்று போலீஸ்காரர் அலுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அலமாரியிலிருந்த கறுப்பு உறையை எடுத்துக் கயிற்றை உருவினார். உள்ளே இருந்தது உயிர் வந்ததுபோல் பொங்கி எழுந்து கட்டிலை நிறைத்தது. ஆள் உள்ளே நுழைந்து படுக்கிற நீளத்துக்கு ஒரு பை, பக்கவாட்டில் ஜிப் வைத்து. அதை மறுபடி உறைக்குள் அடக்க அவருக்குத் தெரியவில்லை. பெரிய பெட்டிக்குள் திணித்துப் பூட்டினார்.

கனம் குறைக்கிறேன் என்று உயிரை விட்டான் என்று உறவு முழுவதும் பேசியது. அத்தை வீட்டு மாமா அதையே நாலு இடத்தில் சொன்னார். எடைமேடைக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையைத் திறந்த நொடியில் இஸ்திரி மடிப்பைப் பார்த்ததும் இது யார் வேலை என்று மகனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் அவரால் யோசிக்க முடிவதில்லை.

மகன் இறந்த இருபத்தோராம் நாள் மதியம் மூன்று மணிக்கு மெக்கானிக் வந்தான். முகம் பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் தராசு பொய் சொல்லிடுச்சு சார்," என்றான். "சரியாக் காட்டியிருந்தா முக்கால் கிலோ குறையுதேன்னு அங்கயே கண்டுபிடிச்சிருப்போம். அவன் ஸ்லீப்பிங் பேக்கை மறந்துட்டான், நான் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

தராசைச் சம்மட்டியால் உடைத்துவிட்டானாம். கடையைக் கைமாற்றிவிட்டானாம். வாடிக்கைக்காரர்கள் அந்த எண்ணுக்குத்தானே கூப்பிடுவார்கள் என்று போனையும் புதியவரிடமே கொடுத்துவிட்டானாம். நாலு மணி பஸ். எங்கே இறங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இனி சைக்கிளைத் தொடமாட்டான்.

ஒரு நல்ல தராசின்மேல் பழி விழுவதை எடைமேடைக்காரர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் மேல தப்பில்ல," என்றார்.

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க பெரிய மனசுக்கு அப்படித்தான் சொல்வீங்க." அழுதுகொண்டே படி இறங்கிப் போனான்.

அவன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில அந்தச் சட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரியுங்க," என்றாள். "நான் போட்ட மடிப்பு எனக்குத் தெரியாதா? இன்னிக்காவது வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்."

அவர் எழுந்தார். மணி மூன்று முப்பத்தைந்து. பஸ் நிலையம் பத்து நிமிஷ நடை. பெட்டியைத் திறந்து ஸ்லீப்பிங் பேக்கை வெளியே எடுத்தார். அதைக் காட்டி, தராசு சரி என்று சொல்லிவிட வேண்டும். உன் தராசு சரி, என் கைதான் தப்பு. அவ்வளவு போதும்.

உடம்பில் வீட்டுச் சட்டை இருந்தது, காலர் கசங்கி. அதைக் கழற்றினார். அலமாரியில் இருந்த ஒரு சட்டையும் இஸ்திரி போட்டதாக இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் செருகிச் சூடாகக் காத்திருந்தார். மனைவி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, கைகொடுக்கவும் வரவில்லை. இரண்டு கையும் காலரும் முடித்து, முதுகையும் தேய்த்து, பேன்ட் மாற்றி, ஷூவுக்கு லேஸ் கட்டினார்.

பஸ் நிலையத்தில் நாலு மணி பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு மட்டும் கிடந்தது. போய் ஐந்து நிமிஷம் ஆகிறது என்றார் டிக்கெட் கொடுப்பவர். தேடி வந்த ஆள் எந்த ஊருக்குப் போகிறவர் என்று கேட்டார். எடைமேடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தும் ஸ்லீப்பிங் பேக் சரிந்து சரிந்து தரையைத் தொட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் நின்றவர்கள், நல்ல உடுப்பில் இருந்த பெரியவருக்கு மரியாதையாக வழி விட்டார்கள்.