முறிந்து எழும் குலவை

வேம்புவுக்கு வழி கேட்கிற பழக்கம் கிடையாது. கீழக்கரம்பையில் அதற்குத் தேவையும் இல்லை. திருக்கடையூருக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் வயலும் வானமும்தான். தண்ணீரெல்லாம் கடலைப் பார்த்துப் போகும். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மதகு வரும், மதகு வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் ஊர் வரும். நாற்பத்தெட்டு வயது வரை இந்தக் கணக்கு அவளை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. இருபது வருஷமாக நடவு வரிசையின் முதல் ஆள் அவள்தான். அவள் சொன்னால் பத்துப் பெண்கள் குனிவார்கள், அவள் சொன்னால் நிமிர்வார்கள். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளை ஒரு மார்கழிக் கடைசியில் கொடைக்கானலில் கொண்டுபோய் நிறுத்தியவள் கிராம சேவிகா மரியபுஷ்பம். ஊர் மாதர் சங்கத்துக்கு ஒன்றியத்தில் முதல் பரிசு கிடைத்திருந்தது. எதற்கென்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. காய்கறித் தோட்டத்துக்கு என்றாள் ஒருத்தி, கையெழுத்துப் போடக் கற்றதற்கு என்றாள் இன்னொருத்தி. பரிசு என்னவென்றால் நான்கு நாள் மலைச் சுற்றுலா. சம்பா கதிர் பழுத்துக்கொண்டிருந்தது, அறுப்புக்கு இன்னும் இருபது நாள் கிடந்தது. மரியபுஷ்பத்துக்குத் தெரிந்த கன்னியர் மடத்துக்கு மலையில் ஒரு பழைய பங்களா இருந்தது. மடத்துப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தார்கள். பாதி ஆம்பளை ஸ்வெட்டர். வேம்புவுக்கு வந்தது முழங்கால் வரை தொங்கியது.

“காலையில நடக்கணும், சாயந்தரமும் நடக்கணும்” என்று மரியபுஷ்பம் திட்டத்தைச் சொன்னாள்.

“எங்க போறதுக்கு?” என்று கேட்டாள் ரெத்தினம். நடவு வரிசையில் இரண்டாவதாக நிற்பவள், வாய்க்காரி.

“எங்கயும் போறதுக்கு இல்ல. சும்மா, பாக்குறதுக்கு.”

“நல்லா இருக்கு போ. நடக்கிறதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்தோம்?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் நடந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் யாரும் சொல்லாமலே நடவு வரிசையில் அமைந்துகொண்டார்கள். முன்னே வேம்பு, அடுத்து ரெத்தினம், கடைசியில் தங்கம்மாள். அவளுக்குப் பதினேழு வயது. அந்தக் கடைசி இடம் அவளுடைய அம்மா அம்சம் நின்ற இடம்.

மூன்றாம் நாள் மரியபுஷ்பத்துக்குக் காய்ச்சல். முதல் இரண்டு நாளும் வழிகாட்டி வந்த காவல்காரர் மதலைமுத்து அவளுக்குக் கஞ்சி வைக்க நின்றுவிட்டார். “தைலமரத் தோப்பு வரைக்கும் போயிட்டு அதே வழியில திரும்பி வந்துருங்க” என்றார் அவர். “எனக்கா வழி சொல்றீங்க?” என்றாள் வேம்பு.

தோப்பைத் தாண்டியதும் மூன்று மணிக்குப் பனி வந்தது. ஊர்ப் பனி மேலேயிருந்து மெல்ல இறங்கும். இது கீழேயிருந்து ஏறி வந்தது. ரெத்தினத்தின் முகம் தெரிந்தது, அவளுக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை. பாதையும் தெரியவில்லை.

வேம்பு பதறவில்லை. பனிக் காலத்தில் வரப்பு தெரியாத விடியலில் அவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முதல் ஆள் குலவை போடுவாள். வரிசைப்படி ஒவ்வொருத்தியாகப் பதில் குலவை போடுவார்கள். கடைசிக் குலவை வந்துவிட்டால் யாரும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

வேம்பு நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பதில்கள் வந்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள். பத்தாவது தங்கம்மாளுடையது, சின்னக் குரல். எண்ணி முடித்து அவள் காலை எடுத்து வைக்கும்போது பதினொன்றாவது வந்தது.

அது வரிசையிலிருந்து வரவில்லை. இடது பக்கம், மேட்டிலிருந்து வந்தது. நடுவில் ஒரு தடவை முறிந்து, மறுபடி எழுந்து, நீண்டு நின்றது.

அம்சத்துக்குக் குலவை போடும்போது பாதியில் சிரிப்பு வந்துவிடும். முறிந்து, திரும்ப எழும். அந்தக் குலவையைக் கீழக்கரம்பையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

“யாரு அது?” என்றாள் ரெத்தினம். அவள் குரலில் கேலி இல்லை.

“எதிரொலி. மலையில சத்தம் திரும்பி வரும்னு வாட்ச்மேன் சொன்னாருல்ல.”

“எதிரொலின்னா நீ போட்டதுதானே வரணும்?”

அவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். யாரும் போடாமலே அது மறுபடி வந்தது.

ஆறு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதம். ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேடையில் ஏழைகளுக்கென்று பேசினதெல்லாம் வரப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வேம்புவின் வரிசை வயலில் இறங்கி மறித்தது. போலீஸ் வேன் வந்தது, ஓடினார்கள். வாய்க்காலில் புதுவெள்ளம் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. மதகுப் பலகை மேலேறித் தாண்டினார்கள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது மதகின் வாயில் ஒரு கை தெரிந்தது. பச்சை வளையல் போட்ட கை. வேம்பு ஒரு மூச்சு நேரம் நின்றாள். எதிர்க்கரையில் காக்கி தெரிந்தது. ஓடிவிட்டாள்.

அடுத்த ஊரில், விவசாயச் சங்கக் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு சங்கத்துச் செல்லதுரை கேட்டார், “எல்லாரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு” என்றாள் வேம்பு. கதவு சாத்தப்பட்டது.

அன்று சாயந்தரமே அம்சத்தைக் காணோம் என்று பேச்சு வந்தது. மாயவரம் பஸ்ஸில் அவள் ஏறினதைப் பார்த்ததாகச் சொன்னாள் வேம்பு. கேஸுக்குப் பயந்து போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள். உடல் எங்கும் ஒதுங்கவில்லை. பூம்புகார்க் கடல் பக்கத்தில்தான், ஆடி வெள்ளம் எதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது? அன்றிலிருந்து மாயவரம் பஸ் ரோட்டில் போனால் தங்கம்மாள் தலை நிமிர்ந்து பார்ப்பாள். நடவு நடுவிலும் நிமிர்வாள். “குனிடி” என்பாள் வேம்பு. ஆறு வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே சமாளித்துவிட்டாள்.

இப்போது பனிக்குள் வலது பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வேம்புவுக்கு உயிர் வந்தது.

“வாய்க்கால்! இதைப் பிடிச்சுப் போவோம்.”

காலளவு ஓடை அது. அதன் கரையோடு இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் தண்ணீரின் சத்தம் பெரிதாகி இரைந்தது.

“கேக்குதா? மதகு. மதகு இருந்தா ரோடு இருக்கும்” என்றாள் வேம்பு.

மேட்டிலிருந்து குலவை மூன்றாம் தடவை வந்தது. முதல் இரண்டைவிட நீளமாக வந்தது. வரிசையின் கடைசியில் கால்சத்தம் நின்றது.

“அத்த, அம்மா கூப்புடுது.”

வேம்பு மற்றவர்களை விலக்கிக்கொண்டு கடைசிக்கு ஓடினாள். தங்கம்மாள் ஓடைக் கரையை விட்டு மேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தாள்.

“உங்கம்மா இங்க எங்கேருந்துடி வரும்?”

“எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கலாம்ல? நீங்கதானே அத்த பஸ்ல ஏறினதப் பாத்தீங்க?”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். அந்தக் காலுக்கு அப்பால் வெள்ளைதான், தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. வேம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். செத்தவள் பெண்ணை இழுக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். இன்னொரு கையை விட்டுவிட்டு வீடு போக அவளால் முடியாது. பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

“உங்கம்மா பஸ்ஸுல ஏறலடி. மதகுல போயிட்டா. நான் பாத்தேன். கை தெரிஞ்சுது. நான் நிக்கல, ஓடிட்டேன். கொட்டாயில எல்லாரும் வந்தாச்சுன்னு பொய் சொன்னேன்.”

மற்ற ஒன்பது பெண்களும் கேட்டார்கள். ரெத்தினம் “அடிப்பாவி” என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

தங்கம்மாள் அழவில்லை. “செத்துப்போச்சா?” என்று கேட்டாள்.

“செத்துப்போச்சு. அதான் சொல்றேன், அது உங்கம்மா இல்ல. போவாத.”

“உசுரோட இருந்தா நாம இங்க வந்தது அதுக்கு எப்படித் தெரியும்? செத்ததாலதான் வந்திருக்கு.”

மணிக்கட்டை உருவிக்கொண்டாள். மேட்டைப் பார்த்துக் குலவை போட்டாள். பதில் உடனே வந்தது, முறிந்து, எழுந்து. தங்கம்மாள் அதை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள் போனாள், அதற்கடுத்தவள் போனாள். ரெத்தினம் கடைசியாகப் போனாள். ஒருத்தியும் வேம்பு முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷத்து வரிசை தலைகீழாகத் திரும்பி மேடேறிப் போயிற்று.

வேம்பு அசையவில்லை. கெட்டது கெட்டுப் போயிற்று, வழியாவது என்னுடையது சரி என்று வீம்பு அவளுக்கு. மதகைப் பார்த்துவிட்டு வந்து அவர்களைக் கூப்பிடலாம் என்று ஓடையோடு பத்தடி இறங்கினாள். இரைச்சல் காதை அடைத்தது. காற்று ஒரு தடவை வீசிப் பனி விலகியது.

மதகு இல்லை. அவள் கால் விரலுக்கு ஒரு முழம் தள்ளி ஓடை முடிந்திருந்தது. தண்ணீர் அப்படியே விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அது எங்கே போய்த் தரையைத் தொடுகிறதென்று கண்ணுக்கு எட்டவில்லை. பனி மறுபடி மூடிக்கொண்டது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். பத்துப் பேரையும் இங்கேதான் அழைத்து வந்திருக்கிறாள். இழுத்தது அம்சம் இல்லை, தான்தான். கையை ஊன்றி, நடவில் போவதுபோல் குனிந்து பின்பக்கமாகவே மேட்டில் ஏறினாள். பிறகு திரும்பித் தூரத்துக் குலவைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முறிந்து எழும் குலவை அதன்பிறகு முன்னாலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரச் சேலை காலில் சப்பு சப்பென்று அடிக்கிற சத்தம். சேற்றில் நிற்கிற பெண்ணுக்கு அது தெரியாத சத்தம் இல்லை. வேம்புவின் சேலை நனைந்திருக்கவில்லை. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தைலமர வாசனை வந்தது. பிறகு பங்களாக் கதவின் இரும்புச் சங்கிலி ஓசை கேட்டது. பனிக்குள் இருபதடி தூரத்தில் ஆள் உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. வேம்பு அங்கேயே நின்றுவிட்டாள்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு மரியபுஷ்பம் வாசலில் நின்றாள். “உசுரே போயிருச்சு எனக்கு! எல்லாரும் வந்தாச்சா?”

தங்கம்மாள் ஒவ்வொருத்தி தலையாகத் தொட்டு எண்ணினாள். “ஏழு, எட்டு, ஒம்பது. நான் பத்து.”

அவ்வளவோடு நிறுத்தினாள். மதலைமுத்து சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். ரெத்தினமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு குலவை போட்டால் போதும், வேம்பு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். வேம்புவுக்கு நாக்கு எழவில்லை. தன்னையும் எண்ணச் சொல்லிக் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நின்றாள். வந்தாச்சு என்று அந்தப் பெண் சொன்னால் அதுவும் நியாயம்தான். கொட்டகைக் கதவு சாத்தப்பட்டபோது தண்ணீருக்குள் அம்சம் இன்னும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருப்பாளோ என்று அவள் முதல் தடவையாக நினைத்தாள். அவளுக்குப் பின்னால் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, சாத்தவா?” என்றார் மதலைமுத்து.

தங்கம்மாள் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாத்தாதீங்க” என்றாள். “இன்னும் ரெண்டு பேரு வரணும்.”