ஆறு கண்ணாடிக்கு ரப்பர் பால்

மதுரை பஸ்ஸு நாலு மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டு. அதற்குள் அந்தச் சின்ன விமானத்தின் ஆறு கண்ணாடியும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்றில் கீறல் விழுந்தாலும் நாகமணி பெங்களூருக்குப் போக முடியாது. அவள் அப்பா அப்பய்யா அப்படித்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்ன சொல்லை மாற்றினால் அன்றைக்கு அருப்புக்கோட்டையில் மழையே பெய்துவிடும்.

அண்ணன் கருணாகரன் பெங்களூரில் ஒரு பட்டறையில் இருந்தான். வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயிண்டு அடித்து, பைலட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்த்துப் படிக்க மாதிரி விமானம் செய்யும் பட்டறை. பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், மேஸ்திரியிடம் கெஞ்சித் தங்கச்சிக்குச் சோதனையாக ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். நாளைக் காலை அது மேஸ்திரி கையில் இருக்க வேண்டும். அம்மா போனதிலிருந்து வீட்டு ராட்டையும் அடுப்பும் நாகமணி தலையில்தான். இருபத்திரண்டு வயதிலேயே அவளுக்கு எல்லாம் அலுத்துவிட்டது.

பைலட்டு உட்காரும் கூண்டில்தான் சிக்கல். சட்டத்துக்கு வெள்ளிப் பெயிண்டு அடிக்க வேண்டும், நடுவில் உள்ள கண்ணாடியில் படக் கூடாது. அதற்கென்று பெட்டியோடு ஒரு குப்பி ரப்பர் பால் வந்திருந்தது. கண்ணாடிமேல் பாலைத் தடவிக் காயவிட்டு, மொத்தத்துக்கும் பெயிண்டு அடித்து, பிறகு பாலைத் தோலாக உரித்து எடுத்தால் அடியில் கண்ணாடி சுத்தமாக இருக்கும். கூடவே ஓர் இங்கிலீஷ் தாளும் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவன் கருணாகரன் மட்டும்.

நேற்று அவள் பாலில் பிரஷ்ஷைத் தோய்த்தபோது அப்பய்யா பின்னால் வந்து நின்றார். தறிக்குப் போகும் பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது கன்னடம். நமக்காக அது தமிழாகிறது.

"தடிப்பா வைக்காத நாகு. மெல்லிசா இழுத்து விடு. தடிச்சா ஒட்டிக்கிரும்."

பத்து வயதிலிருந்து பாவில் நின்ற கை அவளுடையது. சொன்னபடியே மெல்லிசாக இழுத்தது. பால் காய்ந்ததும் மொத்தத்துக்கும் வெள்ளிப் பெயிண்டு அடித்து வைத்தாள்.

இன்றைக்கு முதல் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். தோல் வரவில்லை. துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, மிச்சம் கண்ணாடியிலேயே அப்பிக்கொண்டது.

"பிளேடு தரவா?" என்றான் கருணாகரன்.

"கீறிரும்."

"தின்னரு?"

"நீதானண்ணே சொன்ன, தின்னரு பட்டா பிளாஸ்டிக் வெளுத்துரும்னு."

குப்பியைக் கையில் எடுத்தாள். அதன் வாயில் நேற்று வழிந்த சொட்டு ஒன்று தடித்துக் காய்ந்திருந்தது. விரல் பட்டதும் அது முழுசாக உரிந்து வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, தாள்ல என்ன போட்டிருக்கு?"

கருணாகரன் சுவரைப் பார்த்தான். "தடிப்பா வைக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு."

"நேத்தே தெரியுமா?"

"அப்பா சொல்லிக்கிட்டு இருக்கையில நான் எப்பிடிப் பேச? பாவுல நிக்கையில நம்ம என்னைக்காச்சும் எதுத்துப் பேசியிருக்கமா?"

பேசியதில்லைதான். ஆனால் பாவில் இழை அறுந்தால் முறுக்கிப் புணைத்துக்கொள்ளலாம். இது அவள் பிழைப்பு. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குப்பியைத் திறந்து, ஆறு கண்ணாடியின் மேலும் ரப்பர் பாலைக் குவித்து வைத்தாள். மேலே வைத்தது காயும்போது அடியில் இருப்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பிழைத்தாள். சட்டத்துப் பெயிண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ராட்டைதான்.

மூன்று மணி வரை விமானத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கருணாகரன் சோறு போட்டு வைத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு இழை புணைக்கும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி இழுத்தாள். பழைய துணுக்குகளையும் சேர்த்துக்கொண்டு தோல் முழுசாக வந்தது. சட்டம் அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு என்று ஆறும் வந்தன. ஆறாவது வந்தபோதுதான் முதுகெல்லாம் வேர்வை என்று தெரிந்தது.

அப்பய்யா உள்ளே வந்தார். விமானத்தை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கீறல் இல்லை.

"பாத்தியா, மெல்லிசா இழுக்கச் சொன்னேன், எப்பிடி வந்திருக்கு."

ஆமாம் என்றால் போதும், நாலு மணிக்கு பஸ்ஸு ஏறிவிடலாம். நாகமணியால் முடியவில்லை.

"இல்லப்பா. மெல்லிசா இழுத்தது பிஞ்சு போச்சு. மறுபடி தடிப்பா வச்சுத்தான் எடுத்தேன். தாள்லயும் அப்பிடித்தான் போட்டிருக்கு."

அப்பய்யா மகன் பக்கம் திரும்பினார். "நெசமாடா?"

"ஆமாப்பா."

"பெறகு ஏன்டா நேத்தே வாயத் தொறக்கல?"

கருணாகரன் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குப் பயந்துதான்ப்பா," என்றாள் நாகமணி.

அவர் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். விமானத்தை அவரே பெட்டிக்குள் வைத்து மூடி, அவள் கையில் கொடுத்தார்.

"கெளம்பு. அங்கயும் இப்பிடியே பேசு."