அளவு ஜாக்கெட்

பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் மருதையனிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. துணியோடு அளவு ஜாக்கெட்டும் வரவேண்டும். இல்லாவிட்டால் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். "டேப்பு வச்சு அளந்துக்குங்களேன்" என்று விவரம் தெரியாதவள் யாராவது சொல்லிவிட்டால் போதும். "நான் துணிய அளக்குறவன். ஆள அளக்குறவன் இல்ல. அளவு ஜாக்கெட் எடுத்துக்கிட்டு வா, இல்லன்னா தஞ்சாவூருக்கு ரயில் இருக்கு" என்று வாசலைக் காட்டுவார்.

கூச்சம் மட்டும் காரணமில்லை. மனுஷ வாயை அவர் நம்புவதில்லை. லூசாக வை என்பாள், வைத்தால் சாக்கு மாதிரி இருக்கு என்பாள். பழைய ஜாக்கெட் அப்படிப் பேசாது. கக்கத்தில் சாயம் வெளுத்த இடம், கொக்கி இழுத்து நூல் விட்ட இடம், முதுகில் ஏறி நின்ற சுருக்கம் எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். வாய் பொய் சொல்லும், போட்டுக் கழற்றிய துணி பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். கல்யாணமான நாளிலிருந்து அம்சத்துக்கு அவர்தான் தைக்கிறார். ஒரு தடவைகூட டேப் அவள் மேல் பட்டதில்லை. பழையது நைந்தால் அதை வைத்துப் புதியது, அது நைந்தால் அதை வைத்து இன்னொன்று.

போன ஆடியில் அம்சத்தின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மருதையன் செய்த முதல் காரியம், சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "கர்ப்பப்பையில கட்டி, எடுத்தாச்சு, ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னதுதான். உண்மையைச் சொன்னால் டீக்கடையில் பேசுவான்கள். எதிரே வரும்போது முகத்தைப் பார்க்காமல் அவள் மாரைப் பார்ப்பான்கள். சொந்தம் என்பதற்காக ஒருத்தனையும் நம்ப முடியாது. திருக்காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டிருந்த கூடப்பிறந்த தங்கச்சி குஞ்சம்மாளிடமும் அதையேதான் சொன்னார்.

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியதெல்லாம் மகள் செம்மொழி. அந்த நேரத்தில் மருதையன் கொல்லையில் நிற்பார். கட்டுப் பிரித்த பிறகும் அம்சம் கதவைச் சாத்திக்கொண்டுதான் துணி மாற்றினாள். அவள் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. அழுகை இல்லை, சண்டை இல்லை. சோறு வடித்தாள், சாப்பிட்டார், கடைக்குப் போனார். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. துணியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் அது இன்ன நூல், இன்ன பதம் என்று அவருக்குச் செய்தி வரும். அந்த ஆடிக்குப் பிறகு செய்தி வருவது நின்றுபோயிருந்தது. தேய்ப்பார். துணி இருக்கும், விரல் இருக்கும், அவ்வளவுதான். பழக்கத்தில் வெட்டினார், பழக்கத்தில் தைத்தார். குறை சொல்லி ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

தை மாதம் அவருக்கு எழுபது. பெங்களூரில் இருக்கிற மகன் அறிவுச்செல்வன் திருக்கடையூரில் எழுபதாம் கல்யாணத்துக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"அறுபதுக்கு வராத ஆசை எழுபதுக்கு ஏன்டா வருது?" என்றார் மருதையன்.

"அறுபதுல நான் வேலையில்லாம இருந்தேம்ப்பா. அம்மா பொழைச்சு வந்திருக்கு. ஒரு நல்லது நடக்கட்டும்."

அம்சம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரிச் சோறு போடும்போது ஒரே ஒரு பேச்சுச் சொன்னாள்.

"ஏங்க, அங்க ரெண்டு பேரையும் மணையில உக்கார வச்சு, சாதிசனமெல்லாம் வரிசையா நின்னு கலசத் தண்ணிய ஊத்தும். நனைஞ்ச துணியோட உக்காந்திருக்கணும். உங்க தங்கச்சி கண்ணு எங்க போவும்னு எனக்குத் தெரியும். ஜாக்கெட்டு சரியா வந்தா வர்றேன். இல்லன்னா என் போட்டோவ வச்சு ஊத்திக்குங்க."

"போட்டோவுக்கு ஊத்துனா செத்தவன்னுல்ல நினைப்பான்?"

"அப்ப ஒழுங்கா தைங்க."

தண்ணீர் ஊற்றும்போது கட்ட மஞ்சள் நூல்சேலை வந்திருந்தது. நனைந்த நூல்சேலை எதையும் மறைக்காது. ஆகவே மறைக்கிற வேலை ஜாக்கெட்டுக்குத்தான். மருதையன் தஞ்சாவூர் போய்த் துணி பார்த்தார். ரூபியா வேண்டாம், ஈரம் பட்டால் இரண்டாம் தோல் மாதிரி ஒட்டும். பாலியெஸ்டர் கலந்தது தண்ணீரைத் தள்ளினாலும் வழுக்கும், ஓரிடத்தில் நிற்காது. கடைப்பையன் எதையோ காட்டி "நனைஞ்சாலும் ஒட்டாது பெரியவரே" என்றான். அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை மூடியில் ஊற்றித் துணி ஓரத்தில் விட்டுப் பார்த்தார். ஒட்டியது. கடைசியில் முரட்டுக் கதர் ஒன்று, அரக்கு நிறத்தில். உள்ளே வைக்க மெத்தென்று மல். கதர் நனைந்தாலும் கொஞ்சம் விறைத்து உடம்பைவிட்டு விலகி நிற்கும்.

இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட்டு, சுருங்குகிற அளவு சுருங்கட்டும் என்று நிழலில் காயவைத்து, மேசையில் விரித்தார். அம்சத்தின் அளவு ஜாக்கெட்டை எடுத்து வைத்தார், சாக்கட்டியால் கோடு போட்டார், வெட்டினார், சாயங்காலத்துக்குள் தைத்தார், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அம்சம் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து முந்தானையை விலக்கினாள்.

வலது பக்கம் கச்சிதமாக இருந்தது. இடது பக்கம் காற்றுப்போன பந்து மாதிரி குழிந்து மடங்கிக் கிடந்தது.

"எத வச்சு வெட்டுனீங்க?"

"அளவு ஜாக்கெட்ட."

"அது போன சித்திரையில போட்டதுல்ல?"

வெட்டும்போது அது மருதையன் மனதில் ஏறவே இல்லை. புதிதாகச் செய்த காரியமில்லை இது, ஊரில் எல்லோருக்கும் செய்கிறதுதான். கையும் கத்திரியும் அவை பாட்டுக்குப் போய்விட்டன. துணி பொய் சொல்லாது என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் துணி பொய் சொல்லியிருந்தது. அதற்காக அவமானப்பட வேண்டும் என்று தோன்றியது. அவமானமும் வரவில்லை.

மறுநாள் பள்ளத்தை நிரப்பிப் பார்த்தார். அதற்கென்றே செய்தது ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று செம்மொழி சொன்னாள். "எவனோ எவளுக்கோ அச்சுல வார்த்தது இவளுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று மறுத்துவிட்டார். மல்துணியில் பை தைத்து, ஒன்றில் ஸ்பாஞ்ச் வைத்தார். கொல்லைக் குழாயில் நனைத்தார். குடித்த தண்ணீரில் அது இரண்டு மடங்கு கனத்துத் தொங்கியது. ஒன்றில் இலவம்பஞ்சு வைத்தார். நனைந்ததும் ஒரு மூலைக்கு ஓடிக் கட்டியானது. கனம் வேண்டுமே என்று ஒன்றில் கடுகு கொட்டித் தைத்தார். உலர்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நனைத்து எடுத்தால் கொழகொழவென்று பை முழுக்க வழுவழுத்தது.

மூன்றும் கொடியில் தொங்கின. அம்சம் துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்னது இது, பணியாரம் காயப் போட்டிருக்கீங்க?"

"சிரிக்காத. நிரப்பிப் பாக்குறேன்."

"கடுக எங்கேந்து எடுத்தீங்க?"

"அடுப்படியிலதான்."

"அதானே பார்த்தேன், ரசத்துக்குத் தாளிக்க டப்பா காலியா இருக்குன்னு." அவள் கடுகுப் பையை அமுக்கிப் பார்த்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் நிரப்பச் சொல்லவே இல்லையேங்க. சரியா தைங்கன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எனக்கு ஒண்ணு இல்ல. வாங்க உள்ள. டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

டேப் கடையில் இருந்தது. போய் எடுத்து வந்தார். வழியில் டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். அவர் வந்தபோது அவள் கட்டிலில், கிழக்கு ஜன்னல் பக்கம், வெறும் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தினார். அவள் சேலையை இறக்கினாள்.

மருதையன் பார்த்தார். தட்டையாக இருந்தது. குறுக்கே ஒரு தழும்பு, அவசரக்காரன் இழுத்துத் தைத்த மாதிரி, ஒரு முனையில் சதை சுருக்கு விழுந்திருந்தது. கக்கத்தில் பள்ளம். இடது கை வலது கையைவிட வீங்கியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியாது. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். பயமில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தார். அதுவும் இல்லை. தையல் மட்டமான தையல் என்று மட்டும் தோன்றியது.

"அளங்க. குளுருது."

அளந்தார். தோளிலிருந்து இடுப்புக்கு இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக. இரண்டு கைக்கும் தனித்தனி. முதல் தடவையாக அவள் மேல் டேப்பைப் போடுகிறவருக்கு அதை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. பிறகு மல்துணியை அப்படியே அவள் மேல் போர்த்தி, உடம்பின் மேலேயே பின் குத்திக்கொண்டு வந்தார். விலாப்பக்கம் குத்தும்போது துணியில் சிவப்பாக ஒரு பொட்டுப் பூத்தது.

அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்திட்டேன்."

"அப்படியா?" குனிந்து பார்த்தாள். "தெரியலிங்க. கக்கத்துலேந்து கீழ வரைக்கும் மரத்துக் கெடக்கு. சுடுதண்ணி ஊத்துனாலும் தெரியாது."

"சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்ல."

பொட்டைத் தண்ணீர் தொட்டு அவரே துடைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளே ஒரு விரலைக் கொடுத்துக் குத்தினார்.

புதிதாக வெட்டினார். வலது முன்துண்டைக் கிராஸில் வெட்டினார், இழுத்தால் கொடுக்கும், உடம்போடு போகும். மார்பின் குவிவுக்குப் பிடிக்கிற டாட்டையும் அதில் பிடித்தார். இடது துண்டை நேர்நூலில், டாட்டே இல்லாமல், பலகை மாதிரி விட்டார். இடது கையைத் தாராளமாக வைத்தார். தழும்பில் உரசக்கூடாதென்று உள்பக்கத் தையல் மடிப்புகளை மல்லுக்கு வெளியே திருப்பினார். மேசையில் கிடந்தபோது அது கோணல்மாணலாக இருந்தது. தொழில் தெரியாதவன் தைத்தது என்று எவனும் சொல்வான்.

அம்சம் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், இறக்கினாள். "சரியா இருக்கு. வர்றேன்" என்றாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். இது உள்ளதுக்குத் தைச்சது."

திருக்கடையூர் மண்டபத்தில் அன்றைக்கு ஏழெட்டு ஜோடிகள். ஒரு மூலையில் மேளம், இன்னொரு மூலையில் வேறு மேளம். மருதையனும் அம்சமும் மணையில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் சல்லடை பிடித்தார்கள். மகன் ஊற்றினான், மருமகள் ஊற்றினாள், செம்மொழி ஊற்றினாள். தைமாதத் தண்ணீர் சில்லென்று இறங்கியது. அவர் கண்ணை மூடவில்லை. அம்சத்தின் ஜாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலை கண்ணாடியாகி ஒட்டிக்கொண்டது. கதர் விறைத்து நின்றது. ஆனால் கதர் என்ன செய்யும்? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சமதளம். குருடனுக்கும் தெரியும்.

குஞ்சம்மாள் செம்போடு வந்தாள். சாய்த்தாள். பாதியில் செம்பை நிமிர்த்திவிட்டாள்.

"என்ன அண்ணி இது?"

"எது?"

"ஒரு பக்கம்..."

"எடுத்தாச்சு."

"கர்ப்பப்பைன்னுல்ல சொன்னீங்க?"

"கர்ப்பப்பை பத்திரமா இருக்கு. அது உங்க அண்ணன் வச்ச பேரு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து ஜோடியின் மேளம் மட்டும் கேட்டது. குஞ்சம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, எங்கிட்டயுமா? நான் என்ன ஊரான் பொண்டாட்டியா?"

மருதையன் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டார். "ஊத்து. பின்னால ஆளு நிக்குது" என்றார்.

அவள் ஊற்றினாள். மிச்சத்தை அம்சத்தின் தலையில் மெதுவாக ஊற்றினாள், அவர் தலையில் அடித்த மாதிரி கொட்டினாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் நினைத்த மாதிரியே, முகத்தைப் பார்க்காமல் மாரைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஊற்றினார்கள். அம்சம் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

உடை மாற்றப் போனபோது குஞ்சம்மாளும் கூடப் போனாள். கதவுக்குள்ளிருந்து அவள் கத்துவதும் அம்சம் ஏதோ சொல்வதும் வெளியே கேட்டது, பிறகு கேட்கவில்லை. இரண்டு பேரும் வந்தபோது குஞ்சம்மாளின் மூக்கு சிவந்திருந்தது. அம்சம் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அதற்கும் அவர் அதே மாதிரிதான் தைத்திருந்தார்.

தாலி கட்டும் நேரம் வந்தது. மருதையன் முதல் முடிச்சைப் போட்டார். மற்றதெல்லாம் நாத்தனார் முடிச்சு. குஞ்சம்மாள் குனிந்து, "பொய் சொல்ல அண்ணன், முடிச்சுப் போட மட்டும் நான்" என்று அவர் காதில் படும்படி சொல்லிக்கொண்டே போட்டாள்.

போட்டோ எடுக்கிற பையன் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினான். கேமராவில் பார்த்தவன் தயங்கினான்.

"அம்மா, முந்தானைய கொஞ்சம் அந்தப் பக்கமா இழுத்து விட்டுக்கிட்டீங்கன்னா..."

அம்சம் மருதையனைப் பார்த்தாள்.

"ஏன் இழுக்கணும்?" என்றார் மருதையன்.

"இல்ல சார், பாக்க நல்லாருக்கும்..."

"நல்லாத்தான் இருக்கு. எடு."

எடுத்தான். மருதையன் கையை நீட்டினார். "காட்டு."

"அப்புறம் ஆல்பத்துல பாத்துக்கலாம் சார்."

"நீ ஆல்பத்துல எதையாச்சும் மாத்திடுவே. இப்பக் காட்டு."

பையன் கேமராவைத் திருப்பினான். சின்னத் திரையில் அம்சம் நின்றிருந்தாள். பக்கத்தில் மாலையோடு ஒரு கிழவன். மருதையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேரம் எடுத்துப் பார்த்தார். செம்மொழி, "என்னப்பா?" என்று கிட்டே வந்தாள்.

"இடது தோளு ஒரு நூல் ஏறிடுச்சு" என்றார்.

"வேற எடுக்கவா சார்?" என்றான் பையன்.

"வேணாம். தப்பு துணியிலதான்."